இந்த டேட்டாபேஸ் டிரைவரை இன்னும் யாராவது பார்த்துக்கொள்கிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ப்ராஜெக்ட் ஒன்றைக் கையில் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள்: டிரைவர் பழசு, அதன் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் சத்தமே இல்லை, மாற்றுவதா விடுவதா? திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வந்ததால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்துவிட்டேன். உதாரணங்கள் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ்களின் பக்கம்தான் அதிகம். கேள்விகளும் அங்கிருந்துதான் வந்தன.

டிரைவர்னு எதைச் சொல்றீங்க? டேட்டாபேஸையேவா?

இல்லை. டேட்டாபேஸ் சர்வர் தனி, உங்கள் நிரல் தனி. நீங்கள் எழுதும் குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) சர்வருக்குப் புரியும் பைட்டுகளாக்கி அனுப்பி, வரும் பதிலை உங்கள் மொழியின் எண்ணாகவும் சரமாகவும் தேதியாகவும் மாற்றித் தரும் நூலகம்தான் டிரைவர். நோடில் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) மைஎஸ்க்யூஎல், மைஎஸ்க்யூஎல்2, பைத்தானில் சைகோபிஜி2, கோ மொழியில் பிஜிஎக்ஸ், ஜாவாவில் ஜேடிபிசி ஜார் கோப்புகள், எல்லாம் இந்த வகை.

சர்வருக்குப் பின்னால் ஒரு நிறுவனமோ பெரிய சமூகமோ இருக்கும். டிரைவருக்குப் பின்னால் பல நேரம் ஒருவரோ இருவரோதான், அதுவும் ஆபீஸ் வேலை முடிந்த பிறகு உட்காருகிறவர்கள். அவருக்குக் குழந்தை பிறந்தாலோ வேலை மாறினாலோ உங்கள் ப்ரொடக்ஷனுக்கு அது தெரியாது.

இன்னிக்கு நல்லா ஓடுது. அது போதாதா? பராமரிப்புன்னு தனியா என்ன இருக்கு?

டிரைவர் தானாகக் கெட்டுப்போவதில்லை, அதைச் சுற்றி இருப்பவை நகர்கின்றன. ஒரு பக்கம் சர்வர் நகரும். இன்னொரு பக்கம் நீங்கள் எழுதும் மொழி நகரும். மூன்றாவது, டிஎல்எஸ் (இணைப்பில் போவதைப் பூட்டி அனுப்பும் முறை), கடவுச்சொல் முறை என்று பாதுகாப்பு சமாச்சாரங்கள், டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் மைஎஸ்க்யூஎல் 8.0.28-இல் எடுத்தேவிட்டார்கள். இந்த மூன்றில் ஒன்று நகரும்போது டிரைவரையும் கூடவே நகர்த்த ஆள் இருக்கிறாரா என்பதைத்தான் நான் பராமரிப்பு என்று எண்ணுகிறேன்.

ஒரு உதாரணம். 2020-இல் நோட் 14 வந்தது. போஸ்ட்கிரெஸுக்கான பிரபலமான நோட் டிரைவரான பிஜி-யின் பழைய பதிப்புகளை வைத்திருந்தவர்கள் நோடை மட்டும் ஏற்றினார்கள், அவ்வளவுதான், கனெக்ட் ஆகும் வரியில் அப்படியே நின்றது. பிழைச் செய்தி கிடையாது, டைம்அவுட் கிடையாது, லாக்கில் ஒரு வரி கிடையாது. சர்வரையும் யாரும் தொடவில்லை, டிரைவரையும் யாரும் தொடவில்லை. 8.0.3 பதிப்பில் அதைச் சரிசெய்து வெளியிட்டார்கள். சரிசெய்ய ஆள் இருந்தார் என்பதால்தான் இது இன்று ஒரு பழைய கதை.

கடைசி கமிட் (நிரல்ல பதிவான மாற்றம்) ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. அப்போ செத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்?

அவசியமில்லை. அது எந்த சர்வரோடு பேசுகிறது என்பதைப் பொறுத்தது. போஸ்ட்கிரெஸின் வயர் ப்ரோட்டோகால் (டிரைவரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) 3.0 என்பது 2003-இல் 7.4 பதிப்போடு வந்தது, அதற்கு அடுத்த படியான 3.2 வந்ததே 2025-இல் பதிப்பு 18-இல்தான், அதிலும் பழையது தொடர்ந்து செல்லும். ஆகவே ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு போஸ்ட்கிரெஸ் டிரைவர் இரண்டு வருடம் அமைதியாக இருந்தால் நான் பதற மாட்டேன். அதே இரண்டு வருட அமைதி மைஎஸ்க்யூஎல் டிரைவரிலோ மாங்கோ (மாங்கோடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ்) டிரைவரிலோ என்றால் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம். அங்கே சர்வர் பக்கம் நிறைய மாறிவிட்டது.

தலைகீழாகவும் ஏமாறலாம். "போன வாரம் கமிட்" என்று காட்டும், உள்ளே போய்ப் பார்த்தால் கடைசி நாற்பது கமிட்டும் சார்பு நூலகங்களின் பதிப்பைத் தானாக ஏற்றும் டிபெண்டபாட் என்ற பாட் போட்டவை, அவற்றை இன்னொரு பாட் தானாகவே மெர்ஜ் செய்திருக்கும். ஒரு மனிதர் ஒரு பக்கைத் திருத்திய கமிட் எப்போது என்று தேடுங்கள், அந்தத் தேதிதான் தேதி.

ஆனா வாராவாரம் லட்சக்கணக்கான டவுன்லோடு, 18 ஆயிரம் ஸ்டார். இதெல்லாம் கணக்கில்லையா?

ஸ்டார் என்பது ஒருகாலத்தில் யாரோ விரும்பினார் என்பதற்கான சாட்சி. யாரும் திரும்ப வந்து எடுத்துவிட்டுப் போவதில்லை. டவுன்லோடும் அப்படித்தான். சிஐ (நிரல் மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பு) ஒவ்வொரு முறை ஓடும்போதும் புதிதாக இறக்குகிறது, பத்து வருடத்துக்கு முன்பு எழுதிய டுடோரியலைப் பார்த்து இன்றைக்கும் கல்லூரி மாணவர்கள் நிறுவுகிறார்கள்.

நோடின் மைஎஸ்க்யூஎல் பேக்கேஜ் இதற்குச் சரியான உதாரணம். கடைசி வெளியீடு 2.18.1, 2020 ஜனவரி. மைஎஸ்க்யூஎல் 8-இன் இயல்பான கடவுச்சொல் முறை அந்த வெளியீட்டுக்குத் தெரியவே தெரியாது. டவுன்லோடு மட்டும் நிற்கவில்லை.

சரி, அப்போ எதைத்தான் பார்க்கிறது? வரிசையா சொல்லுங்க.

முதலில் கிட்ஹப்பை விட்டுவிட்டு என்பிஎம், பைபிஐ, மேவன் என எங்கிருந்து நிறுவுகிறீர்களோ அந்தப் பக்கத்தைத் திறந்து கடைசி வெளியீட்டுத் தேதியைப் பாருங்கள். பிறகு ரெப்போவில் (நிரலின் களஞ்சியத்தில்) அதற்குப் பின் என்னென்ன மெர்ஜ் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். முக்கியமான திருத்தங்கள் மெர்ஜ் ஆகி மூன்று வருடம் வெளிவராமல் கிடந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் காரணம்: மெர்ஜ் செய்ய உரிமை உள்ளவர் இருக்கிறார், வெளியிடக் கடவுச்சொல் வைத்திருப்பவர் போய்விட்டார். இது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. கோ மொழியில் மட்டும் கதை வேறு, அங்கே ரெப்போவே வெளியீடு என்பதால் எந்தக் கமிட்டையும் நேராக இழுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, டெஸ்ட் எந்தெந்த சர்வர் பதிப்பில் ஓடுகிறது என்று சிஐ கோப்பைத் திறந்து பாருங்கள். என் கணக்கில் ரெப்போவிலேயே அதிகம் உண்மை பேசும் கோப்பு இதுதான். போஸ்ட்கிரெஸ் 9.6-உம் 10-உமே கடைசி என்றால் அதற்குப் பின் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ட்ராவிஸ் என்ற சிஐ சேவையின் கோப்பு மட்டும் இருக்கிறது, வேறு சிஐ இல்லை என்றால் இன்னும் மோசம். திறந்த மூல ப்ராஜெக்ட்கள் இலவசமாகப் பயன்படுத்திய அந்தப் பழைய ட்ராவிஸ் தளம் 2021 ஜூனில் மூடப்பட்டது, ரீட்மியில் பச்சை பேட்ஜ் மட்டும் சுவரில் கிழிக்காமல் விட்ட காலண்டர் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். கிட்ஹப்பின் சொந்த சிஐயான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லை என்றால் நேரம் குறித்து ஓடும் வேலைகளை கிட்ஹப் தானாகவே நிறுத்திவிடும். "தினமும் ராத்திரி டெஸ்ட் ஓடுகிறது" என்று ரீட்மி சொல்லலாம், ஆக்ஷன்ஸ் பக்கம் போய்ப் பார்த்தால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

இஷ்யூ நானூறு திறந்து கிடக்கு. அதைப் பார்த்தாலே பயமா இருக்கே?

எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நன்றாகப் பராமரிக்கப்படும் டிரைவர்களிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும், பாதி "என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை" ரகம். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் நம்ப வேண்டாம். நாள் கடந்த இஷ்யூக்களைத் தானாக மூடும் பாட் வைத்திருந்தால் பதிலே இல்லாமல் எல்லாம் மூடிக்கிடக்கும்.

இஷ்யூ பக்கத்தில் உங்கள் சர்வரின் புதிய பதிப்பு எண்ணைப் போட்டுத் தேடுங்கள், 8.4 என்றோ 18 என்றோ. "இதில் ஓடுமா?" என்று ஒருவர் கேட்டிருப்பார். கீழே மெயின்டெய்னர் இரண்டு வரியாவது எழுதியிருக்கிறாரா, இல்லை முப்பது பேர் கட்டைவிரல் போட்டுவிட்டு தங்களுக்குள் குறுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்களா? இரண்டாவது என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ரீட்மியில 'மெயின்டெனன்ஸ் மோட்'னு போட்டிருக்கு. ஓடிடணுமா?

அதைச் சொல்லும் ஆள் நேர்மையானவர், முதலில் அதற்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு வேறு நிலைகள் இருக்கின்றன. சைகோபிஜி2-வின் ரீட்மி, இது இன்னும் முனைப்பாகப் பராமரிக்கப்படுகிறது, புதிய வசதிகளை எதிர்பார்க்காதீர்கள், புதியவை சைகோபிஜி 3-இல் வரும் என்கிறது. அதாவது புதிய பைத்தான் வந்தால் அதற்கான வெளியீடு வரும். இதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம், புது ப்ராஜெக்ட்டை மட்டும் 3-இல் தொடங்குங்கள்.

கோ மொழியின் லிப்/பிக்யூ ரீட்மியில் பல வருடங்கள் இருந்த வாசகம் வேறு மாதிரி: புதிய வசதிகளோ, சொன்ன பிழைகளுக்கு நம்பகமான தீர்வோ வேண்டுமென்றால் பிஜிஎக்ஸ் பயன்படுத்துங்கள். "நம்பகமான தீர்வு வேண்டுமென்றால்" என்ற இடத்தில்தான் நிறுத்திப் படிக்க வேண்டும். பிழை சொன்னால் சரிசெய்வோம் என்ற வாக்கையே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். நாளைக்கே யாரோ வந்து திரும்ப ஓட்டத் தொடங்கலாம், ஆகவே ரீட்மியின் இன்றைய வடிவத்தை நீங்களே திறந்து படியுங்கள், இரண்டு வருடத்துக்கு முன்பு யாரோ சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஆர்கைவ் பண்ணிட்டாங்க, இல்ல டெப்ரிகேட்டட்னு வருது?

முடிந்தது. ஆர்கைவ் ஆன ரெப்போவில் இஷ்யூ கூடப் போட முடியாது. டெப்ரிகேட்டட் செய்தியில் பெரும்பாலும் மாற்று எது என்றும் எழுதியிருப்பார்கள், அங்கே போங்கள். ஆர்கைவ் ஆகவில்லை என்பது உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி இல்லை. கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் போவதில்லை.

எங்க ஆப் பழைய டிரைவர்லயே ஓடிட்டு இருக்கு. எப்போ உடையும்?

பெரும்பாலும் சர்வரை ஏற்றும் அன்றைக்கு. மைஎஸ்க்யூஎல் கதையை மட்டும் பார்ப்போம். 2018-இல் 8.0 வந்தபோது புதிய பயனர்களுக்கான இயல்பான கடவுச்சொல் முறையை கேஷிங் ஷா2-வுக்கு மாற்றினார்கள். பழைய நேட்டிவ் முறையை விடவில்லை, கேட்டால் தந்தார்கள். 2024-இல் வந்த 8.4-இல் அதை இயல்பாகவே அணைத்துவிட்டார்கள், நீங்கள் போய் இயக்க வேண்டும். அதே வருடம் 9.0-இல் அதைத் தூக்கியே போட்டுவிட்டார்கள். ஆறு வருடம் எச்சரிக்கை கொடுத்துச் செய்த வேலை, ஆனால் 2020-இல் நின்றுபோன டிரைவருக்கு எச்சரிக்கையைக் கேட்க ஆள் இல்லை.

மாங்கோவிலும் இப்படி ஒரு வெட்டு உண்டு. பழைய ஆப்கோடு முறையில் பேசும் வழியை 5.1 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். அதுவரை ஓடிய பழைய டிரைவர்கள் 6.0-க்குப் போனதும் பேச்சிழந்தன. கிளவுடில் சர்வர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அங்கே எப்போது ஏற்றுவது என்பதை முழுக்க நீங்கள் முடிவு செய்வதில்லை.

ஒரு விசித்திரம் சார்: சில நாள் கனெக்ட் ஆகுது, சில நாள் ஆக மாட்டேங்குது. டிபீவர்ல (டேட்டாபேஸைத் திறந்து பார்க்கிற டூல்) லாகின் பண்ணினா ஆப்பும் சரியாயிடுது!

இதைப் பேய் என்று நினைத்து நெட்வொர்க் டீமோடு சண்டை போட்டவர்கள் உண்டு. காரணம் மேலே சொன்ன கேஷிங் ஷா2-வின் பெயரிலேயே இருக்கிறது. ஒரு பயனர் ஒருமுறை முழுமையாக உள்நுழைந்துவிட்டால் சர்வர் அந்தக் கடவுச்சொல்லின் சுருக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை குறுக்கு வழியில் உள்ளே விடும். முதல் முறைக்கு மட்டும் டிஎல்எஸ் வேண்டும், அல்லது சர்வரின் பொதுச் சாவியைக் கேட்டு வாங்கி அதில் கடவுச்சொல்லைப் பூட்டி அனுப்ப வேண்டும்.

உங்கள் டிரைவர் குறுக்கு வழியை மட்டும் அறிந்தது, அல்லது முழு வழிக்கான அமைப்பு அணைந்திருக்கிறது. சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் நினைவு காலி, ஆப் விழும். நீங்கள் டிபீவரைத் திறந்து அதே பயனரில் நுழைந்ததும் நினைவு நிரம்பும், ஆப் எழும். டெஸ்ட் செய்யும்போது கண்டிப்பாக சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, வேறு எதையும் திறக்காமல், ஆப்பிலிருந்து முதல் கனெக்ஷன் போகிறதா என்று பாருங்கள்.

யூசரை நேட்டிவ் பாஸ்வேர்டுக்கு மாத்திட்டா போதும்னு நெட்ல எல்லா இடத்துலயும் இருக்கே?

இருக்கிறது, வேலையும் செய்யும், 9.0-க்குப் போகாதவரை. அந்தப் பதில் எழுதப்பட்டபோது அது நியாயமான தற்காலிக வழி. இன்றைக்கு அதைச் செய்கிறீர்கள் என்றால் ஒரு நூலகத்துக்காக உங்கள் சர்வரின் பாதுகாப்பை ஒரு படி இறக்குகிறீர்கள் என்று தெரிந்தே செய்யுங்கள். நோடில் என்றால் மைஎஸ்க்யூஎல்2-வுக்கு மாறுவது அதைவிடக் குறைந்த வேலை.

டிரைவரோட கடைசி வெர்ஷன்தான் போட்டிருக்கேன், ஆனாலும் 'ஸ்க்ராம் தெரியாது'ன்னு (அது ஒரு கடவுச்சொல் முறையாம்) போஸ்ட்கிரெஸ் கனெக்ட் ஆகல. ஏன்?

சில டிரைவர்கள் இரண்டு அடுக்கு. மேலே உங்கள் மொழியில் ஒரு மெல்லிய உறை, அடியில் லிப்பிக்யூ என்ற போஸ்ட்கிரெஸின் சி நூலகம். சைகோபிஜி2 அப்படிப்பட்டது. மேல் அடுக்கு புதிதாக இருந்தும் அடியில் பழைய லினக்ஸோடு வந்த 9.x லிப்பிக்யூவோடு கம்பைல் ஆகியிருந்தால் ஸ்க்ராம் தெரியாது, ஏனென்றால் ஸ்க்ராம் வந்ததே 2017-இல் பதிப்பு 10-இல். 2021-இல் 14 வந்தபோது புதிய கடவுச்சொற்களுக்கு அதையே இயல்பாக்கினார்கள், அன்றைக்குத்தான் பலருக்கும் இது தெரியவந்தது. ஆகவே இப்படிப்பட்ட டிரைவர்களில் அடி அடுக்கின் வயதையும் கேளுங்கள். தயாராகக் கட்டப்பட்ட பைனரி பேக்கேஜ் என்றால் உள்ளே எந்த லிப்பிக்யூ வைத்துக் கட்டினார்கள் என்பதை வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள். (கோ மொழியின் லிப்/பிக்யூவுக்கும் இந்த லிப்பிக்யூவுக்கும் சம்பந்தமில்லை. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.)

இதுக்கு ஒரு சிவிஇ (எண் போட்டுப் பதிவான பாதுகாப்பு ஓட்டை) கூட இல்லை. அப்போ பாதுகாப்பானதுதானே?

யாரும் தேடவில்லை என்பதற்கும் அதே வெற்றுப் பக்கம்தான் வரும். நான் எதிர்ப்பக்கமிருந்து பார்ப்பேன்: ஓட்டை வந்தபோது என்ன செய்தார்கள்? 2024 பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவரில், எளிய குவெரி முறையை வலிந்து தேர்ந்தெடுத்தவர்களுக்கு எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் வரக்கூடிய ஓட்டை வெளியானது, சிவிஇ 2024-1597. புதிய 42.7.2-இல் மட்டும் சரிசெய்துவிட்டு நிற்கவில்லை, 42.2 வரை பழைய வரிசைகளுக்கும் தனித்தனியாகத் திருத்தம் வெளியிட்டார்கள். அதே வருடம் மைஎஸ்க்யூஎல்2-விலும் ஒரு கடுமையான ஓட்டை வந்து 3.9.4-இல் அடைக்கப்பட்டது. சிவிஇ பட்டியல் நீளமாக இருந்து ஒவ்வொன்றுக்கும் எதிரே திருத்தப் பதிப்பு எண் இருந்தால் நான் அந்த டிரைவரைத்தான் எடுப்பேன்.

ஒரே ஆள்தான் பார்த்துக்கிறார். புதுசா ஒருத்தர் கைமாத்தி வாங்கினா நல்லதுதானே?

ஒரே ஆள் என்பதே குற்றமில்லை, நல்ல டிரைவர்கள் பல அப்படித்தான் வளர்ந்தன. அந்த ஒருவர் வெளியீட்டு உரிமையை இன்னொருவருக்கும் கொடுத்திருக்கிறாரா என்று பார்த்தால் போதும். என்பிஎம், பைபிஐ இரண்டிலுமே பேக்கேஜ் பக்கத்தில் யார் யார் என்று காட்டும்.

கைமாறுவது பெரும்பாலும் நல்லதுதான், ஆனால் யாரிடம் என்று பாருங்கள். 2018-இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற நோட் பேக்கேஜ் முன்பின் தெரியாத ஒருவரிடம் கைமாறி, அதன் வழியாக பிட்காயின் வாலட்டைக் குறிவைத்த நிரல் நுழைந்தது. 2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நூலகத்தில், இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் பின்கதவு வைத்தார். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து அதைப் பிடித்தவர் போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். வருடக்கணக்கில் தூங்கிய டிரைவரில் புதிய பெயரில் திடீரென வெளியீடு வந்தால், ரெப்போவில் இருக்கும் நிரலும் பேக்கேஜில் இருக்கும் நிரலும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

ஃபோர்க் (பிரிச்சு எடுத்து நடத்துற பிரதி) ஏகப்பட்டது இருக்கு. எதை எடுக்கிறது?

பெரும்பாலான ஃபோர்க்குகள் யாரோ தன் ஆபீஸ் வேலைக்காக ஒரு வரியை மாற்றிக்கொண்டவை. தனிப் பெயரில் பேக்கேஜாக வெளிவந்திருப்பதை, அதிலும் ஃப்ரேம்வொர்க்குகள் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பதை மட்டும் எடுங்கள். பைத்தானின் மைஎஸ்க்யூஎல்-பைத்தான் 2014-இல் 1.2.5-ஓடு நின்றது, பைத்தான் 3-க்கு வரவே இல்லை. அதிலிருந்து பிரிந்த மைஎஸ்க்யூஎல்கிளையன்ட் பைத்தான் 3-ஐச் சேர்த்தது, இம்போர்ட் பெயரைக்கூட மாற்றவில்லை, பைத்தானின் ஜாங்கோ ஃப்ரேம்வொர்க் அதையே பரிந்துரைக்கிறது. ஒரு ஃபோர்க் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைக் காட்டலாம்.

எம்கோ என்ற கோ மொழியின் மாங்கோ டிரைவர் கதை வேறு. 2018-இல் எழுதியவர் கைவிட்டார், ஒரு நிறுவனம் ஃபோர்க் எடுத்து நடத்தியது, பலரும் அங்கே தாவினார்கள், பிறகு அதுவும் நின்றது. 2019-இல் மாங்கோவே தன் அதிகாரபூர்வ கோ டிரைவரை வெளியிட்டுவிட்டது. சர்வர் செய்கிறவர்களே டிரைவர் கொடுக்கத் தொடங்கிவிட்டால் ஃபோர்க்குகளுக்கு ஆயுசு குறைவு.

நாங்க ஓஆர்எம் (குவெரியை நமக்காக எழுதித் தர்ற நூலகம்) போட்டிருக்கோம். டிரைவரைப் பத்தி எங்களுக்கு என்ன கவலை?

அடியில் டிரைவர்தான் ஓடுகிறது. ஆனால் ஓஆர்எம் வைத்திருப்பதில் ஒரு லாபம் உண்டு, உங்களுக்காக வேறொருவர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார். பைத்தான் ஓஆர்எம்மான எஸ்க்யூஎல்ஆல்கெமியின் ஆவணத்தில் சில டிரைவர்களுக்கு எதிரே, இது எங்கள் சிஐயில் சோதிக்கப்படுவதில்லை என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். ஜாங்கோ 4.2-இல் சைகோபிஜி 3-ஐச் சேர்த்தபோதே, சைகோபிஜி2 ஆதரவு வருங்காலத்தில் நீக்கப்படலாம் என்று எழுதினார்கள். மேலே சொன்ன "நிம்மதியாகத் தூங்கலாம்" என்பதற்கு ஜாங்கோக்காரர்கள் இந்த ஒரு அடிக்குறிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜாவாவுல ஜேடிடிஎஸ் இன்னும் ஜம்முனு ஓடுதே அண்ணா?

ஓடும். எஸ்க்யூஎல் சர்வருக்கான ஜேடிடிஎஸ் நல்ல டிரைவராகத்தான் இருந்தது, பலரும் பயன்படுத்திய 1.3.1 வெளிவந்தது 2013-இல். ஹிகாரி பூலில் (கனெக்ஷன்களைச் சேர்த்து வைத்துப் பகிரும் நூலகத்தில்) போட்டுப் பாருங்கள், கனெக்ஷன் உயிரோடிருக்கிறதா என்று கேட்கும் மெத்தடே அதில் எழுதப்படவில்லை என்பதால் அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் எரர் வரும். ஒரு டெஸ்ட் குவெரியை அமைப்பில் கொடுத்துச் சமாளிப்பார்கள். அந்த ஒரு வரி உங்கள் கான்ஃபிகில் இருந்தால் டிரைவரின் வயது அங்கேயே எழுதியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் ஜேடிபிசி டிரைவரை 2016-இல் திறந்த மூலமாக்கிவிட்டது, அதற்குப் பின் இதில் தங்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

நானே சோதிச்சுப் பார்க்க வழி இருக்கா?

டாக்கரில் நீங்கள் அடுத்து போகப்போகும் சர்வர் பதிப்பை ஏற்றி, டிரைவரின் சொந்த டெஸ்ட்களை அதன் மேல் ஓட்டுங்கள். எத்தனை விழுகிறது என்பதைவிட எவை விழுகின்றன என்று பாருங்கள். பிறகு உங்கள் ஆப்பில் டிஎல்எஸ் கட்டாயமாக்கி ஒருமுறை, குவெரி ஓடும்போதே சர்வரைக் கொன்று ஒருமுறை, ரீஸ்டார்ட் சோதனை ஒருமுறை.

நம் ஆட்கள் எழுத்துருச் சோதனைக்குத் தமிழில் ஒரு பெயரைப் போட்டுப் பார்த்து "யூனிகோட் ஓகே" என்று விடுவார்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 மூன்று பைட் வரைதான் தாங்கும், அன்றாடத் தமிழின் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் சரியாக மூன்று பைட், ஆகவே சோதனை தேறிவிடும். நான்கு பைட் தேவைப்படும் ஒரு எமோஜியைப் போடுங்கள், அல்லது 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளில் ஒன்றை. பழைய டிரைவர் அங்கே வாயைத் திறக்கும்.

மெயின்டெய்னர்கிட்டயே 'இது உயிரோட இருக்கா'ன்னு கேட்டுடலாமா?

அந்த இஷ்யூ ஏற்கெனவே திறந்திருக்கும், நீங்கள் நாற்பதாவது ஆளாக இருப்பீர்கள். "8.4-இல் ஓட்டினேன், இந்த இரண்டு டெஸ்ட் விழுகிறது, இதோ திருத்தம்" என்று ஒரு புல் ரிக்வெஸ்ட் போடுங்கள். அதற்கு ஒன்றிரண்டு மாதத்தில் என்ன நடக்கிறது என்பது எந்த ரீட்மியைவிடவும் தெளிவான பதில். பதில் வராவிட்டாலும் திருத்தம் உங்கள் கையில் இருக்கிறது.

மாத்தலாம்னு முடிவு பண்ணிட்டோம். 'அப்படியே மாத்திப் போடலாம்'னு சொல்றாங்க, நம்பலாமா?

பாதி. கனெக்ஷனும் சாதாரண குவெரியும் அப்படியே ஓடும், ஓரங்களில்தான் இடிக்கும். நோடில் மைஎஸ்க்யூஎல்2-வுக்குப் போய் எக்ஸிக்யூட் முறையைத் தொட்டால், 8.0.22-க்குப் பிறகு லிமிட்டுக்கு எண்ணாகக் கொடுத்த மதிப்பை சர்வர் தள்ளிவிடும், சரமாகக் கொடுத்தால் ஏற்கும். சைகோபிஜி 3 மதிப்புகளை சர்வர் பக்கம் இணைப்பதால், டியூப்பிளைக் கொடுத்து "இன்" போடும் பழைய பழக்கம் நடக்காது, "எனி" போட்டு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் டிரைவர் 10.2-இலிருந்து என்க்ரிப்ஷனை இயல்பாக்கியதால் முதல் நாளே சான்றிதழ் பிழை வரும், உடனே "எந்தச் சான்றிதழையும் நம்பு" என்ற அமைப்பை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

இப்போ மாத்த பட்ஜெட் இல்லை, இன்னும் ரெண்டு வருஷம் தள்ளணும். என்ன பண்ணலாம்?

டிரைவரின் பதிப்பை இறுக்கிக் கட்டுங்கள், ஒரு பிரதியை உங்கள் சொந்த ரெஜிஸ்ட்ரியில் வையுங்கள், டிரைவரை அழைக்கும் நிரல் ஆப் முழுக்கச் சிதறிக் கிடந்தால் ஒரே கோப்புக்குக் கொண்டுவாருங்கள். சர்வரின் ஆதரவு எப்போது முடிகிறது என்பதையும் மேனேஜருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்: மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரோடு முடிந்தது, 8.0-க்கு அவர்கள் அறிவித்தது 2026 ஏப்ரல், போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம். பட்ஜெட் இந்தத் தேதிகளுக்குத்தான் இளகும், "டிரைவர் பழசு" என்ற வார்த்தைக்கு இளகாது.

போஸ்ட்கிரெஸ் என்றால் ஆப்புக்கும் சர்வருக்கும் நடுவில் பிஜிபவுன்சர் என்ற இடைத்தரகு நிரலை வைக்கலாம். பழைய டிரைவர் அதனோடு எம்டி5 என்ற பழைய கடவுச்சொல் முறையில் பேசும், அது சர்வரோடு ஸ்க்ராமில் பேசும். ஆப் இருக்கும் அதே மெஷினில் வையுங்கள், பழைய முறை நெட்வொர்க்கில் வெளியே போக வேண்டாம். இதற்குக் கடவுச்சொல் பிஜிபவுன்சரின் பயனர் கோப்பில் அப்படியே வெறும் எழுத்தாக இருந்தாக வேண்டும், ஆகவே கோப்பு அனுமதியை இறுக்குங்கள், தயவுசெய்து அந்தக் கோப்பை கிட்டில் ஏற்றிவிடாதீர்கள்.